கள்ளியும் கள்ளி அல்லாததும்

நம் குடியிருப்பில் வாயிலிலே தொட்டி வைக்காத வீடு இல்லை. துளசி ஒன்று, கறிவேப்பிலை ஒன்று, இடமிருந்தால் மல்லிகை ஒன்று என்று இருந்த வரிசையில், அண்மைக் காலமாகத் தூண்போல் நிமிர்ந்து நிற்கும் முட்செடியும் ஒன்று சேர்ந்திருக்கிறது. நீர் குறைவாக ஊற்றினால் போதும், ஆடு மேயாது, பார்வைக்கும் அழகு என்பது அதன் பெருமை. 'கேக்டஸ்' என்று அதனை நம் பிள்ளைகள் அழைக்கிறார்கள். 'கள்ளி' என்று நம் அன்னையர் அழைக்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானே என்று யானும் நெடுங்காலம் எண்ணியிருந்தேன்.

ஆண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று சங்கச் செயலாளர் அவர்கள் கேட்டபோது, சேர நாட்டைப் பற்றி எழுதினால் நாம் வாழும் இடத்துக்குப் பொருந்தும் என்றும் சொன்னார்கள். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, பயணச்சீட்டுக் கணக்கிலே காலம் கழிப்பவன் யான். கல்வெட்டும் செப்பேடும் எனக்கு எட்டா. ஆதலின் வாயிற்செடியின் வரலாற்றையே எழுதத் துணிந்தேன். சேர வேந்தர் இதிலும் வருவர். செயலாளர் அவர்கள் பொறுத்தருள்க.

இச்செடியின்பால் என் கருத்துச் சென்றது ஒரு துன்பத்தினால். மூன்று ஆண்டுகளுக்கு முன், ஓணத்தை அடுத்த ஞாயிற்றுக்கிழமை. சாலையோரத்துச் செடிக்கடை ஒன்றில், "கேக்டஸ்தான் சார், ஒன்றும் செய்யாது" என்று சொல்லி விற்ற முழ உயரச் செடி, எங்கள் வாயிலில் ஆளுயரம் வளர்ந்து சன்னலை முட்டிக்கொண்டு நின்றது. கத்தியை எடுத்து அதன் தலையைச் சீவினேன். வெட்டுவாயிலிருந்து வெள்ளை வெளேரென்று பால் பீறிட்டு, அருகே நின்ற என் மகளின் வலக்கண்ணில் தெறித்தது. அவளுக்கு அப்பொழுது ஒன்பது வயது. அவள் அலறிய அலறலில் கத்தி என் கையிலிருந்து நழுவியது. என்ன செய்வதென்று தோன்றாமல் நின்றேன். அடுத்த வீட்டிலிருக்கும் கார்டு ஒருவர், சித்தூர்த் தாலுகாக்காரர், வேலிக்கு அப்பாலிருந்து, "சாரே, அது கள்ளியாணு! வெள்ளம் ஒழிக்கு, வெள்ளம்!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்து, குழந்தையைத் தூக்கிக் குழாயடியில் பிடித்து, அரைமணி நேரம் கண்ணைக் கழுவினார். மருத்துவமனையில் கண் மருத்துவர் பார்த்துவிட்டு, கழுவியதனால் தப்பியது என்றார். கருவிழி வீங்கி, ஒளியைக் காணமாட்டாமல், மூன்று வாரம் இருட்டறையில் கிடந்தாள். இன்று அவள் பார்வைக்கு ஒரு குறையும் இல்லை.

அன்றிரவு திருமங்கலம் பக்கத்திலுள்ள எங்கள் ஊரிலிருக்கும் அன்னையாரிடம் தொலைபேசியில் செய்தி சொன்னேன். பெண் குழந்தை என்ற சொல்லும் கள்ளிப்பால் என்ற சொல்லும் ஒரே வாக்கியத்தில் விழுந்தன. அம்மா நெடுநேரம் பேசவில்லை. பேசாததன் பொருள் எனக்குத் தெரியும். மதுரைக்கு மேற்கே பிறந்தவர் எவருக்கும் தெரியும். பெண் சிசுக்களுக்குக் கள்ளிப்பால் புகட்டிய கொடுமையை 1986-இல் ஆங்கில ஏடொன்று உசிலம்பட்டி வட்டாரத்திலிருந்து எழுதி நாட்டுக்கே அறிவித்தது. 1992-இல் சேலத்தில் அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியதும் அது பற்றியே. செடி செய்த குற்றமன்று அது. ஆயினும் ஒரு செடியின் பெயர் நம் தாய்மார் வாயில் எத்தனை கனம் கொண்டிருக்கிறது என்பதைக் கடைக்காரர் அறியார். யானும் வாங்கும்போது நினைக்கவில்லை.

இனி வரலாற்றுக்கு வருவோம். கேக்டஸ் வேறு, கள்ளி வேறு. அவை அண்ணன் தம்பியும் அல்ல, பங்காளிகளும் அல்ல. கேக்டஸ் குலம் முழுவதும் அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியது. மரக்கிளையில் தொங்கி வளரும் ஒரே ஒரு மெல்லிய இனம் மட்டும் ஆப்பிரிக்காவிலும் இலங்கைக் காடுகளிலும் இயல்பாகக் காணப்படுகிறது. நம் கள்ளியோ ஆமணக்கின் குலத்தைச் சேர்ந்தது. மழை குறைந்த நிலத்தில் வாழ நேர்ந்தபோது, கடலுக்கு அப்பாலும் இப்பாலும் ஒன்றையொன்று அறியாத இரு குலங்களும் ஒரே வழியைக் கண்டன. இலையைக் குறைத்தன, தண்டையே பசுமையாக்கி நீரைச் சேமித்தன, விலங்கின் வாய்க்கு முள்ளைக் காட்டின. வடிவம் ஒன்றாயிற்று. பிறப்பு ஒன்றாகவில்லை.

வேறுபாடு காண்பது எளிது. கேக்டசின் முட்கள் சிறு பஞ்சுமெத்தை போன்ற புள்ளியிலிருந்து கொத்தாகப் புறப்படும். கள்ளியின் முட்கள் விளிம்பிலே இரண்டிரண்டாக நிற்கும். கேக்டசின் மலர் பெரும்பாலும் பெரிது. கள்ளியின் பூ மஞ்சள் பொட்டுப்போல் சிறிது. ஐயமிருந்தால் குண்டூசியால் மெல்லக் குத்தி, முகத்தை விலக்கிக்கொண்டு பாருங்கள். பால் வந்தால் கள்ளி. தூண் கேக்டசில் வருவது நிறமற்ற நீரே.

நம் முன்னோர் இக்கள்ளியை நன்கறிந்திருந்தனர். பாலை நிலத்துக்கு அடையாளமாகவே அதைப் பாடினர். குறுந்தொகையின் 16-ஆம் பாட்டிலே, பொருள் தேடிச் சென்ற தலைவன் கடந்த வழி கள்ளிக்காடு. அங்கே பல்லி தன் துணையை அழைக்கும் ஓசை, வழிப்பறி செய்வோர் அம்பின் கூர்மையை நகத்தில் தீட்டிப் பார்க்கும் ஓசையை ஒத்திருக்கிறது. இதனைப் பாடியவர் பாலை பாடிய பெருங்கடுங்கோ. புறநானூற்றின் 245-ஆம் பாட்டிலே கள்ளி வேறோர் இடத்தில் நிற்கிறது. மனைவியை ஈமத்தீயில் இட்டுவிட்டு, அவள் மாய்ந்த பின்னும் தான் உயிரோடிருப்பதை எண்ணித் தன்னையே நொந்துகொள்கிறான் ஒருவன். அந்தக் களர்நிலம் கள்ளி ஓங்கிய நிலம். பாடியவன் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை. இவ்விருவரும் யாவர் எனின், சேர வேந்தர்! பச்சைப் பசேலென்ற மலைநாட்டுக்கு உடையவர் கள்ளியை எங்கே கண்டனர் என்று வியப்பவர், ஒருநாள் கஞ்சிக்கோடு தாண்டி வாளையாற்றுப் பக்கமோ, கொழிஞ்சாம்பாறைப் பக்கமோ, மீனாட்சிபுரம் பக்கமோ சென்று பார்க்கட்டும். சேர நாட்டில் நெய்தலும் குறிஞ்சியும் போலவே வறண்ட நிலமும் உண்டு.

மலையாள மொழியும் இச்சொல்லைக் காத்து வருகிறது. அதனால் விளைந்த பெருமையொன்றை நம்மவர் பலர் அறியார். கொச்சியில் டச்சுக்காரரின் ஆளுநராக இருந்த வான் ரீடு என்பவர் இந்நாட்டு மூலிகைகளையெல்லாம் படம் எழுதித் தொகுத்தார். இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியரும், ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் கொங்கணி அந்தணர் மூவரும் அவருக்குத் துணை நின்றனர். 'ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ்' என்னும் அந்நூல் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. அதன் இரண்டாம் தொகுதியில் சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, திருகுகள்ளி மூன்றும் தத்தம் பெயரோடே இடம்பெற்றன. பின்னர் சுவீடன் நாட்டு லின்னேயசு 1753-இல் உலகத்துச் செடிகளுக்கெல்லாம் இலத்தீன் பெயர் சூட்டியபோது, திருகுகள்ளிக்கு வேறு பெயர் தேடவில்லை. 'யூபோர்பியா திருகள்ளி' என்றே எழுதிவிட்டார். இன்று எந்த நாட்டு அறிஞரும் அச்செடியைக் குறிக்க வேண்டின் நம் சொல்லையே உச்சரித்தாக வேண்டும்! சதுரக்கள்ளிக்கு மட்டும் 'பழங்காலத்தோருடையது' என்னும் பொருளில் 'அன்டிகோரம்' என்று பெயர் வைத்தார். கிரேக்கரும் உரோமரும் மருந்தாகக் கொண்ட ஆப்பிரிக்கக் கள்ளி இதுவே என்று அவர் கருதியதே காரணம். அது வேறு கள்ளி. என்னைப்போல் அவரும் ஏமாந்தார் என்பதில் எனக்கொரு சிறு ஆறுதல்.

கள்ளிக்குச் சடங்கிலும் இடமுண்டு. எங்கள் பக்கத்தில் கண்ணேறு படாதிருக்க வாயில் நிலையில் கள்ளித்துண்டைத் தலைகீழாகக் கட்டுவர். அது நீரும் மண்ணும் இன்றித் தொங்கிக்கொண்டே துளிர்க்கும். வீட்டின்மேல் தொட்டியில் வைத்தால் இடி அணுகாது என்று என் பாட்டியார் சொல்லுவார். வங்காளத்திலே இலைக்கள்ளியின் கிளையை நட்டு, நாகங்களின் தாயாகிய மனசா தேவியாக வழிபடுகின்றனர். அசாமின் போடோ மக்கள் இன்னும் ஒரு படி மேலே செல்கின்றனர். அவர்களுடைய முற்றத்தில் மூங்கில் வேலியிட்டு நடுவே நிற்பது ஐந்து விளிம்புடைய சிஜௌ என்னும் கள்ளி. பாதௌ என்னும் அவர்கள் கடவுளின் உருவம் அதுவே. ஐந்து விளிம்பும் ஐம்பெரும் பூதம். வடகிழக்கு எல்லை இரயில்வேயில் பணிசெய்து திரும்பிய நண்பர் ஒருவர், அங்கே வீடுதோறும் அதைக் கண்டதாகச் சொன்னபோது, நம் துளசி மாடமே என் கண்முன் நின்றது.

கடலுக்கு அப்பால் கேக்டசுக்கும் இத்தகைய இடம் இருந்தது. தென் அமெரிக்காவின் பெரு நாட்டில், ஆண்டீஸ் மலையில் ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரத்தில் சாவின் டி வான்டார் என்னும் பழங்கோயில் ஒன்று உள்ளது. அதன் வட்ட முற்றத்துக் கற்பலகை ஒன்றில், கோரைப்பல்லும் பாம்புக் கூந்தலும் உடைய ஓர் உருவம் கையிலே நெடிய தூண் கேக்டசை ஏந்தி நிற்கிறது. செதுக்கி இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுக்குக் குறையாது. அச்செடியைத்தான் பின்வந்த ஸ்பானியர் காலத்து மக்கள் 'சான் பெத்ரோ' என்று அழைத்தனர். பேதுரு அடிகள் விண்ணுலகின் திறவுகோலை உடையவர் என்பது கிறித்தவர் கொள்கை. செடியும் அத்தகைய வாயிலைத் திறக்கும் என்பது அம்மலைவாணர் நம்பிக்கை. நோயுற்றவனைத் தேற்ற, இரவெல்லாம் நடக்கும் சடங்கில் அதன் சாற்றைக் காய்ச்சி அருந்துவர். வீட்டு வாயிலில் நட்டால் திருடர் வரும்போது சீழ்க்கையடித்துக் காக்கும் என்றும் சொல்லுவர். நம் கண்ணேற்றுக் கள்ளிக்கும் அதற்கும் எவ்வளவு நெருக்கம் பாருங்கள்! 2022-இல் பெரு அரசு அச்செடியைப் பற்றிய மரபறிவைத் தன் நாட்டின் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது. அச்சாற்றில் மனத்தை மயக்கும் மெஸ்கலின் என்னும் பொருள் உண்டு. அப்பொருள் நம் நாட்டின் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருட் சட்டத்துக்கு உட்பட்டது. பிறர் கோயிலின் தீர்த்தத்தை நாம் அடுக்களையில் காய்ச்சிப் பார்க்க வேண்டா.

அமெரிக்கக் கேக்டசுகளுள் முதன்முதல் நம் நாட்டில் குடியேறியது தூணன்று, சப்பாத்திக்கள்ளி. ஐரோப்பியர் கப்பலில் வந்தது. வந்தவுடன் நாம் அதற்கும் கள்ளி என்று பெயரிட்டு ஏற்றுக்கொண்டோம், வேலியாக்கினோம். 1760-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை வளைத்தபோது அந்நகரைச் சுற்றி நின்ற முள்வேலி அரணையே முதலில் கைப்பற்ற வேண்டியிருந்தது. அதன்பின் வந்தது ஒரு வேடிக்கை. மெக்சிகோவில் சப்பாத்திக்கள்ளியின்மேல் வாழும் கோச்சினீல் என்னும் பூச்சியிலிருந்து உயர்ந்த சிவப்புச் சாயம் எடுத்து, ஸ்பானியர் பெரும்பொருள் ஈட்டி வந்தனர். (பெயரைக் கண்டு கொச்சி நகரோடு முடிச்சுப் போட வேண்டா.) அவ்வாணிகத்தில் பங்கு பெற விரும்பிய சென்னை மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன், 1786-இல் அத்தகைய பூச்சியை இங்கேயே புல்லிற் கண்டதாகக் கூறினார். அது வேறு பூச்சி. மனம் தளராது சைதாப்பேட்டையருகே பூச்சிக்கென்று சப்பாத்திக்கள்ளித் தோட்டம் அமைத்தார். கும்பினியாரும் உண்மைப் பூச்சியைக் கொணர்வோர்க்குப் பரிசு அறிவித்தனர். 1795-இல் நீல்சன் என்னும் படைத்தலைவர் பிரேசில் நாட்டுத் துறைமுகத்திலிருந்து பூச்சிகளைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அவையும் வேறு இனமே! சாயம் மட்டம், பசி மட்டும் பெரிது. சாயத்துக்காக வந்த அவை கள்ளியைத் தின்றே அழித்தன. 1836-ஐ ஒட்டித் தென்னாட்டுக்கும் அவற்றைக் கொண்டுவந்தபோது சாயம் எவர்க்கும் நினைவிலில்லை. கள்ளியை ஒழிப்பதே நோக்கம். களையை அழிக்கப் பூச்சியை ஏவும் முறைக்கு உலகிலேயே இது முதற்சான்று என்று வேளாண் நூலார் இன்றும் எழுதுகின்றனர்.

ஆயினும் அப்பூச்சி ஓரினத்தையே உண்டது. மற்றோரினச் சப்பாத்திக்கள்ளி தப்பித் தென்மாவட்டத்துப் புன்செயையெல்லாம் மூடியது. 1926-இல் இலங்கையிலிருந்து அதற்கேற்ற வேறு பூச்சி வரவழைக்கப்பட்டது. என் பாட்டனார் அப்பொழுது சிறுவர். ஊர்ப் புறம்போக்கில் ஆள் நுழைய முடியாதிருந்த கள்ளிக்காடு வெள்ளைப் பஞ்சு பூத்ததுபோல் வெளுத்துச் சில ஆண்டுகளில் அழுகிச் சரிந்ததை அவர் கதையாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். பூச்சியை நசுக்கினால் விரல் இரத்தம்போல் சிவக்குமாம். பிள்ளைகள் அதனால் நெற்றியில் பொட்டிட்டுக்கொண்டு விளையாடினார்களாம். பஞ்சத்தில் முள்ளைப் பொசுக்கி மாட்டுக்கு இட்டு உயிர்காத்த செடி அல்லவா என்று வருந்தியவரும் ஊரில் இருந்தனராம்.

இன்று நம் குடியிருப்பில் பூசை பெறும் கேக்டஸ் ஒன்றுண்டு. அதுவும் மெக்சிகோப் பக்கத்துக் குடியேறியே. மலையாளிகள் நிசாகந்தி என்பர். நம்மவர் பிரம்ம கமலம் என்று சொல்லி, அது மலரும் இரவில் அக்கம்பக்கத்தாரை அழைத்துக் கற்பூரம் காட்டுகின்றனர். உண்மைப் பிரம்ம கமலம் இமயத்தின் உச்சியில் பூப்பது. உத்தரகண்ட் மாநிலத்தின் மலர். கேக்டசுக்கு உறவே இல்லாதது. சென்ற கோடையில் பக்கத்து வீட்டுக் கார்டு எங்களை இரவு பதினொரு மணிக்கு எழுப்பித் தம் வீட்டு நிசாகந்தியைக் காட்டினார். என் மனைவி கற்பூரம் எடுத்து வந்தாள். இது வேறு பூ என்று யான் வாயெடுத்தேன். "பூத்திருக்கிறதே, போதாதா?" என்றாள். மறுமொழி தோன்றவில்லை.

கள்ளியையும் கேக்டசையும் ஒருங்கே காண விரும்புவோர் இடுக்கி மாவட்டத்து எல்லைக்குச் செல்லலாம். இங்கிருந்து பொள்ளாச்சி, உடுமலை வழியே தமிழ்நாட்டுக்குள் புகுந்து மறுபடி கேரளத்துக்குள் ஏறும் வழி அது. 1984-இல் காப்பகமாக்கப்பட்ட சின்னாறு அங்கே உள்ளது. மூணாற்றில் மழை கொட்டும்போது சின்னாற்றில் வெயில் காயும். மலைகள் மேகத்தை மறித்துவிடுவதே காரணம். மகள் கண் தேறிய பின் மறையூருக்குக் குடும்பத்தோடு சென்றபோது, பேருந்துச் சன்னல் வழியே சதுரக்கள்ளிப் புதர்களையும் சப்பாத்திக்கள்ளிப் புதர்களையும் அடுத்தடுத்துக் கண்டோம். "அப்பா, இது பால், இது தண்ணீர்" என்று அவள் விரல் காட்டிக்கொண்டே வந்தாள். மறையூர்ப் பாறைமேல் முனியறை என்று மக்கள் சொல்லும் பெருங்கற்காலத்து ஈமச்சின்னங்களைக் கண்டபோது, மாக்கோதை நின்ற களர்நிலம் என் நினைவுக்கு வந்தது.

தூண் கேக்டஸ் வளர்க்க விரும்புவோர்க்குச் சில சொற்கள். தண்டை வெட்டினால் உடனே நடவேண்டா. நிழலில் இரண்டு மூன்று வாரம் காயவைத்து, வெட்டுவாய் தோல்போல் ஆனபின் நடுக. மண்ணில் பாதி ஆற்றுமணல் இருக்கட்டும். தொட்டியின் அடித்துளை அடைபடலாகாது. வெயிலால் இறந்த கேக்டசை யான் கண்டதில்லை. ஆனித் தொடங்கி ஆவணி வரை பெய்யும் பாலக்காட்டு மழையில் வேரழுகி இறந்தவை பல. அம்மூன்று மாதமும் தொட்டியைத் தாழ்வாரத்துக்குள் இழுத்துவிடுக. கள்ளி வைத்திருப்போர் அதை வெட்டும்போது கண்ணாடியும் கையுறையும் அணிக. பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு வெட்டுக. பால் கண்ணில் பட்டால் ஆராய்ந்து நிற்க வேண்டா. நீர், நீர், பின்னர் மருத்துவர்.

எங்கள் வாயிற்கள்ளியை வெட்டி எறிந்துவிட எண்ணினேன். மகள் விடவில்லை. கார்டு கொடுத்த மெய்யான தூண் கேக்டஸ் ஒன்றும் இப்பொழுது அதன் பக்கத்தில் நிற்கிறது. இரண்டு தொட்டிகளிலும் தகரத் துண்டில் பெயிண்டினால், தமிழில் ஒரு வரியும் மலையாளத்தில் ஒரு வரியுமாக அவளே எழுதி நட்டிருக்கிறாள். ஒன்றில் 'பால் உண்டு'. மற்றொன்றில் 'பால் இல்லை'.